பனி வரும் மாதம் நமக்குத் தெரியும்: உயிரும் வேலையும் கையிருப்பும்



மார்கழி பிறந்தாலே எங்கள் குழுக் கூட்டத்துக்கு ஆள் வருவது குறைந்துவிடும். "கை விறைச்சுப் போச்சுக்கா, பேனா பிடிக்க முடியல, அடுத்த வாரம் கையெழுத்துப் போடுறேன்" என்பார்கள். சேமிப்பும் குறையும். கடன் தவணையும் தள்ளிப் போகும். அதே மாதத்தில்தான் "அவசரமா ரெண்டாயிரம் வேணும்" என்று கேட்பவர்கள் அதிகமாவார்கள்.

எங்கள் குழு நீலகிரி மாவட்டத்தில் குந்தாப் பகுதியில் இருக்கிறது. மொத்தம் 15 பேர். சிலருக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை சொந்தமாக உண்டு. மற்றவர்கள் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போகிறவர்கள். உறைபனி விழுந்தால் இலை கருகும். இலை கருகினால் பறிக்க வேலை இல்லை. இது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்த கஷ்டம் போலத்தான் நாம் தவித்துக்கொண்டிருந்தோம்.

மழை எப்போது வரும் என்று நமக்குச் சரியாகத் தெரியாது. பனி எந்த மாதம் வரும் என்று தெரியும். தெரிந்து வருகிற கஷ்டத்துக்கு முன்னாலேயே தயாராகலாமே! இந்த மாதப் பாடம் இதுதான். சமவெளியில் இருக்கும் சகோதரிகளுக்கு உறைபனி இல்லாவிட்டாலும் மார்கழி, தை மாதக் குளிர் உண்டு. நெருப்பு, குழந்தை, கோழிக்குஞ்சு பற்றிச் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

1. உறைபனி எந்த ராத்திரி விழும்?

எங்கள் பக்கம் ஐப்பசி கடைசியில் நீர்ப்பனி தொடங்கும். கார்த்திகை முதல் மாசி வரை எந்த நாளும் உறைபனி விழலாம். மார்கழியும் தையும்தான் கடுமை. ஊட்டியில் அந்த நாட்களில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி வரை இறங்குவது உண்டு. பள்ளமான இடங்களில் அதற்கும் கீழே போகும்.

பகலில் வாங்கிய வெயில் சூட்டை ராத்திரியில் பூமி வெளியே விடுகிறது. வானத்தில் மேகம் இருந்தால் போர்வை போட்டது போல அந்தச் சூடு கொஞ்சம் தங்கும். மேகம் இல்லாவிட்டால் சூடு முழுக்கப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் செடி தப்பிக்கிறது, பள்ளத்துச் செடி கருகுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் நாமே முன்கூட்டிச் சொல்லலாம். பகலெல்லாம் நீலவானமாக நல்ல வெயில் அடித்து, சாயங்காலம் காற்றும் நின்றுபோனால், அன்றைக்கு ராத்திரி உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். "இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு, குளிர் விட்டுப் போச்சு" என்று ஏமாறக் கூடாது.

2. நெருப்புச் சட்டி: எங்கள் குழுவில் நடந்தது

இந்தப் பகுதியைக் கூட்டத்தில் இரண்டு தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

2022 ஜனவரி. எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தார். குழந்தை பிறந்து 20 நாள். கடும் குளிர். சமையல் முடிந்ததும் அடுப்பில் இருந்த கரி நெருப்பை இரும்புச் சட்டியில் அள்ளி, படுக்கும் அறையில் வைத்தார்கள். குளிர் காற்று வரக் கூடாதென்று கதவைச் சாத்தி, கீழே சாக்கு வைத்து அடைத்தார்கள். ஜன்னல் இடுக்கில் பழைய துணி திணித்தார்கள். பாட்டி, மகள், பச்சைக் குழந்தை, மூன்று பேரும் அந்த அறையில் படுத்தார்கள். நம் உறுப்பினர் மட்டும் முன்னறையில் படுத்தார்.

நடுராத்திரி குழந்தை பாலுக்கு அழும் நேரம். அழுகைச் சத்தமே இல்லை. "அசந்து தூங்குது போல" என்று நினைத்தவருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. தள்ளித் திறந்தார். மகள் எழ முயன்று, கால் நிற்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பாட்டி கூப்பிட்டால் முனகினார், கண் திறக்கவில்லை. குழந்தை துவண்டு கிடந்தது. "புகையே இல்லக்கா, ஒரு நாத்தமும் இல்ல. பேய் அடிச்சிருச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன்" என்று பிறகு சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து மூவரையும் வெளித்திண்ணைக்குத் தூக்கி வந்தார்கள். 108 வண்டியில் மருத்துவமனைக்குப் போய், ஆக்சிஜன் வைத்து, மூன்று பேரும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவே கை வரவில்லை.

அது பேய் இல்லை. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. கரியோ விறகோ போதுமான காற்றில்லாமல் எரியும்போது இது வரும். இதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சல் இல்லை. நம் ரத்தம் மூச்சுக்காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து உடம்பு முழுக்கக் கொண்டு போகிறது. இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடம் இல்லாமல் போகும். மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் இறந்து கிடந்த செய்திகளைப் பத்திரிகையில் நாம் படித்திருக்கிறோம்.

நம்மிடம் மூன்று தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன.

"புகை இல்லாத கரி நல்லது." இல்லை. புகை இருந்தாலாவது இருமிக்கொண்டு எழுந்து வெளியே வருவோம். கனகனவென்று எரியும் கரிதான் சத்தமில்லாமல் கொல்லும்.

"நெருப்பு அணைஞ்சு சாம்பல் மூடிருச்சு, இனி பயமில்ல." இல்லை. சாம்பலுக்குள் கங்கு இருக்கும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும்.

"எங்க பாட்டி காலத்திலேர்ந்து வைக்கிறோம், ஒண்ணும் ஆகல." பாட்டி காலத்து வீட்டில் ஓட்டு இடுக்கிலும் மூங்கில் தட்டியிலும் காற்று போய் வந்தது. இப்போது சிமெண்ட் கூரை, இரும்புக் கதவு, கண்ணாடி ஜன்னல். காற்று போக வழி இல்லை.

தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி வருவது போன்ற உணர்வு, கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் இவைதான் அடையாளம். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகப்பட வேண்டும். உடனே கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, 108க்கு அழைக்க வேண்டும். "காத்து வாங்கினா சரியாயிடும்" என்று வீட்டிலேயே இருக்கக் கூடாது. மூச்சுத் திணறிய காரணத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நெருப்பு காய வேண்டும் என்றால் வாசலில், திண்ணையில் காயலாம். படுக்கும் முன்பு சட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். காற்றுப் போக்கு இல்லாத சின்ன அறையில் அதிலிருந்தும் இதே வாயு வரும்.

3. நெருப்பு இல்லாமல் சூடு

"அப்ப குளிருக்கு என்னதான் செய்யறது?" என்று அந்தப் பாட்டியே கேட்டார். கேள்வி நியாயம்தான். குழுவில் பேசி, செலவு அதிகம் ஆகாத சில வழிகளைக் கண்டோம்.

சிமெண்ட் தரைதான் உடம்புச் சூட்டை அதிகம் இழுக்கிறது. மேலே மூன்று போர்வை போடுவதைவிடக் கீழே கனமாக விரிப்பது பலன் தரும். காய்ந்த கோணிச்சாக்கு, அதன் மேல் செய்தித்தாள் நாலைந்து அடுக்கு, அதன் மேல் பாய், அதன் மேல் ஜமுக்காளம். ஒரே கனமான உடுப்பைவிட மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றாகப் போட்டால் நடுவில் நிற்கும் காற்று சூட்டைக் காக்கும். தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ். ஈரமான சாக்ஸைப் போட்டுக்கொண்டே படுக்கக் கூடாது.

பச்சைக் குழந்தைக்கு அம்மாவின் உடம்புதான் நல்ல சூடு. குழந்தையை நாப்கினும் குல்லாவும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்திச் சாய்த்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். குழந்தையின் மூக்கும் வாயும் மூடாமல் பார்க்க வேண்டும். இதைக் கங்காரு முறை என்று நர்ஸ் அக்காக்கள் சொல்லிக் கொடுப்பார்கள். எடை குறைவாக, அதாவது இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்கு இது மிகவும் நல்லது. அம்மா அசந்தால் அப்பா, பாட்டி யாரும் செய்யலாம். பிறந்தவுடன் குளிப்பாட்டாமல் குறைந்தது ஒரு நாளாவது கழியட்டும். குழந்தையின் பாதம் சில்லென்று இருந்து, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெந்நீர் பாட்டிலைக் குழந்தையின் பக்கத்தில் வைக்கக் கூடாது. தோல் வெந்துவிடும்.

பெரியவர்களுக்குக் குளிரில் ரத்த அழுத்தம் கூடும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. நாமும் குளிர் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறோம், பிறகு நீர்க்கடுப்பு என்று படுகிறோம். வெதுவெதுப்பான தண்ணீரை அடிக்கடி குடிப்போம்.

4. கொல்லையும் கோழியும்

இளம் தேயிலைக் கன்றுகளைத் தாகை, மிலாறு கொண்டு மூடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதைவிட நல்ல வழி நமக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக் கொல்லையில் பீன்ஸ், தக்காளி, உருளைக்கிழங்கு போட்டவர்கள் சாயங்காலம் வெயில் இறங்கும் முன்பே சாக்கோ பழைய புடவையோ குச்சி நட்டு அதன் மேல் போர்த்த வேண்டும். செடியின் மேல் துணி அழுந்தக் கூடாது. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் விட்டால், ஈர மண் வெயில் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். விடியற்காலையில் வெயில் படும் முன்பு இலை மேல் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பதும் உண்டு. கருகிய கிளையைப் பார்த்ததும் உடனே கத்தியை எடுக்க வேண்டாம். பனிக்காலம் முடியும் முன் வெட்டினால் புதுத் துளிர் வரும், அதுவும் கருகும். குளிர் விட்ட பிறகு வெட்டலாம். பனியைத் தாங்கும் முட்டைக்கோஸ், நூல்கோல், கேரட் போன்றவற்றைப் பள்ளத்திலும், தாங்காத பீன்ஸை மேட்டிலும் போடுவது புத்திசாலித்தனம்.

இனி கோழிக்குஞ்சு. "பனியில இருபது குஞ்சு வாங்கி பதினஞ்சு போச்சு" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி சூடு தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே போகலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு. 20 குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு போதும், மலைக் குளிரில் 60 வாட் போடலாம். இப்போது எல்லாரும் வாங்கும் எல்.ஈ.டி. பல்பில் வெளிச்சம்தான் வரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது. இது தெரியாமல் எங்களில் ஒருவர் எல்.ஈ.டி. பல்பைப் போட்டுவிட்டு, ஒரே ராத்திரியில் ஏழு குஞ்சுகளை இழந்தார்.

குஞ்சுகளே நமக்குச் சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் சூடு போதவில்லை. ஓரமாக ஒதுங்கி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்து தீனி பொறுக்கினால் சரியாக இருக்கிறது. பல்பு உமியில் படாமல் உயரத்தில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

5. கம்பளி பின்னுவது: கணக்கோடு பார்ப்போம்

இலை இல்லாத நாட்களில் எங்களில் ஆறு பேர் கம்பளி பின்னக் கற்றோம். குல்லா, சாக்ஸ், மப்ளர். வெயில் படும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பின்னுவது மனசுக்கு நல்லது. ஆனால் "தொழில்" என்று சொல்லும் முன் கணக்குப் போட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, குழந்தைக்கு ஒரு குல்லாவும் ஒரு ஜோடி சாக்ஸும். கம்பளி நூல் 60 ரூபாய். ரிப்பன் 10 ரூபாய். கடைக்குப் போய் வந்த பஸ் செலவில் பங்கு 10 ரூபாய். மொத்தம் 80. விற்பது 150 ரூபாய். மிச்சம் 70. "எழுபது ரூபா லாபம்" என்று சந்தோஷப்பட்டோம். பின்ன எத்தனை மணி நேரம் ஆனது? ஆறு மணி நேரம். மணிக்கு 12 ரூபாய்கூட வரவில்லை. இது லாபமா, நம் உழைப்பை இனாமாகக் கொடுத்ததா?

அதற்காகப் பின்ன வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் முடிவு இது: முதலில் நம் வீட்டுக்கும் உறவுக்கும் பின்னுவோம். கடையில் வாங்கும் காசு மிச்சம். குழுவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் ஒரு குல்லா, ஒரு ஜோடி சாக்ஸ் குழுவின் சீர். விற்பதற்கு, ஆர்டர் வந்தால் மட்டும், கூலியையும் சேர்த்து விலை சொல்லிப் பின்னுவோம். நூலை ஆறு பேரும் சேர்ந்து மொத்தமாக வாங்குவோம்.

இன்னொன்று. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் நம் தோடர் சகோதரிகள் இழை எண்ணிப் போடும் பூத்தையல் உலகப் புகழ் பெற்றது. அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பார்த்து நாம் எதையாவது போட்டு "தோடர் எம்பிராய்டரி" என்று விற்பது சட்டப்படியும் தப்பு, இன்னொரு பெண்ணின் உழைப்பைப் பறிப்பதும் ஆகும். நம் பொருளை நம் பெயரிலேயே விற்போம்.

6. பனிக்காலக் கையிருப்பு

இலை நன்றாக வரும் மாதங்களில் கையில் காசு புழங்கும். அப்போதே ஒதுக்க வேண்டும். எங்கள் குழுவில் வழக்கமான சேமிப்பு தவிர, மே முதல் நவம்பர் வரை வாரம் 30 ரூபாய் தனியாகப் போடுகிறோம். 30 வாரத்தில் ஒருவருக்கு 900 ரூபாய். 15 பேருக்கு 13,500 ரூபாய். இதைத் தனி நோட்டில் எழுதி, வங்கிக் கணக்கில் போடுகிறோம். நடுவில் யாரும் எடுக்கக் கூடாது. மார்கழியில் முதல் கூட்டத்தில் பேசி, பாதியை ஆளுக்குப் பிரித்துக்கொள்வோம். மீதியை அவசரக் கடனுக்கு வைப்போம்.

900 ரூபாய் பெரிய காசா என்று கேட்கலாம். வட்டிக் கணக்கைப் பாருங்கள். வெளியில் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்கு 5,000 வாங்கினால் மாதம் 250, மூன்று மாதத்துக்கு 750 ரூபாய் வட்டி மட்டும். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு 150. மிச்சம் 600 ரூபாய். அது ஒரு நல்ல கம்பளியின் விலை.

முதல் வருடம் நான்கு பேர் சேரவில்லை. "இருக்கிற சேமிப்பே கட்ட முடியல" என்றார்கள். வற்புறுத்தவில்லை. அந்தத் தையில் அவர்களில் ஒருவர் காதுத் தோட்டை அடகு வைத்தார். அடுத்த வருடம் நால்வரும் தாங்களாகவே சேர்ந்தார்கள்.

7. கூட்டத்தில் கலந்து பேச

நம் குழுவில் எத்தனை வீட்டில் படுக்கும் அறையில் நெருப்பு வைக்கிறோம்? உண்மையைச் சொல்வோம், யாரையும் கேலி செய்ய வேண்டாம்.

இந்தப் பனிக்காலத்தில் நம் ஊரில் கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, தனியாக இருக்கும் முதியவர் யார் யார்? அவர்களை ராத்திரி ஒரு தடவை போய்ப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு?

நம் வருமானம் குறையும் மாதங்கள் எவை? அதற்கு எந்த மாதத்தில் இருந்து ஒதுக்கலாம்?

நாம் செய்யும் சிறு வேலைக்கு நம் கூலியையும் சேர்த்துக் கணக்கு எழுதுகிறோமா?

சகோதரிகளே, அன்றைக்குத் திண்ணைக்குத் தூக்கி வந்த அந்தக் குழந்தை இப்போது நம் கூட்டத்துக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. பேரேட்டில் கிறுக்குகிறது, பேனாவை ஒளித்து வைக்கிறது. கூட்டம் தொடங்கும் முன் அதைக் கொஞ்சாத ஆள் இல்லை. எங்கள் 15 வீட்டிலும் இப்போது சாயங்காலம் திண்ணையில் நெருப்பு காய்கிறோம். படுக்கப் போகும்போது சட்டி வெளியே, நாம் உள்ளே. உங்கள் குழுவிலும் இந்த வாரமே இதைத் தீர்மானமாகப் போட்டு, நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். கை விறைத்தாலும் பரவாயில்லை.